ஒரு ஆளு குறையுது

புதுப்பட்டினம் பஜாரில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. மிக்ஸி, கேஸ் அடுப்பு ரிப்பேர் என்று போர்டு இருந்தது. ஊரில் யாரும் அவரை அந்த போர்டை வைத்து நினைத்துக்கொண்டதில்லை. எங்கள் ஜமாஅத்தில் கல்யாணம் என்றால் தோளில் ஒரு பச்சைத் துண்டோடு பந்தி வாசலில் நிற்கிற ஆள் அவர். பள்ளிவாசல் தலைவர் முதல் பால்வாடிப் பிள்ளை வரை எல்லாருக்கும் அவர் சஹன் மாமா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்.

சஹன் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தரையில் துணி விரித்து, அகலமான தாம்பாளம் ஒன்றில் நெய்ச்சோறும் கறியும் வைப்பார்கள். அதுதான் சஹன். ஒரு சஹனுக்கு நாலு பேர். சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். நாலாவது ஆள் உட்காருகிறவரை மற்ற மூணு பேரும் கை வைக்கக் கூடாது, சோறு எவ்வளவு மணந்தாலும். அதனால் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மேளத்துக்குப் பதிலாக அவருடைய குரல்தான் கேட்கும்.

"இங்க ஒரு ஆளு குறையுது! ஒரு ஆளு!"

கூப்பிடுவார். ஆனால் எழுந்து ஓடிவருகிறவனையெல்லாம் உட்கார வைக்க மாட்டார். மேலும் கீழும் பார்ப்பார். "நீ இரு. நீ வா" என்பார். அங்கேதான் விஷயமே இருந்தது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மிக்ஸி தூக்கிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு நாங்கள் எல்லாரும் பாய். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும் கதை. கடற்கரை வியாபாரக் குடும்பங்கள் ஒரு பக்கம், செங்கல்பட்டு ராவுத்தர்மார் ஒரு பக்கம், லெப்பைமார் ஒரு பக்கம், உருது பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். எல்லாருக்கும் ஒரே கலிமா, தொழும்போது முகம் திருப்புகிற கிப்லாவும் ஒன்றே. ஒருத்தருக்கொருத்தர் சலாம் சொல்லுவோம், பக்கத்தில் நின்று தொழுவோம். பெண் கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொள்வோம்.

சஹன் மாமாவுக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது. "தொழுகையில தோளும் தோளும் ஒட்டினா போதும்டா. சஹன்ல கையும் கையும் ஒட்டுதே. அது வேற சமாச்சாரம்" என்பார். இதை அவர் வெறுப்பாகச் சொன்னதில்லை. மிக்ஸியில் நீல வயர் எங்கே, சிவப்பு வயர் எங்கே என்று சொல்லுகிற குரலில்தான் சொல்லுவார்.

யாரைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி, "எந்த ஆளுங்க?" பெரியவர்களிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் அவர்கள் கூட்டிவந்த பிள்ளையைப் பிடிப்பார். "உங்க வூட்ல அத்தாவா, வாப்பாவா, பாவாவா?" தகப்பனைக் கூப்பிடுகிற சொல் தெரிந்தால் அவருக்கு மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும். அத்தா என்றால் ராவுத்தர், வாப்பா என்றால் எங்கள் கடற்கரை, பாவா என்றால் உருது. கடைசிக் காலத்தில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதுகூட, ஊசி போட வந்த டாக்டரின் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, "நம்ம பேருதான் கீது. எந்த ஆளுங்கன்னு கேளு" என்று என் கையைச் சுரண்டினார். நான் கேட்கவில்லை. அந்த மனுஷர் எதற்கும் மாறுகிற ரகம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

என்னிடமும் ஏழு வயதில் கேட்டார். நான், "டாடி" என்றேன்.

அவர் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் அம்மா செங்கல்பட்டு உருதுக்காரி. தகப்பனார் இந்தக் கடற்கரை ஆள். எப்படி நடந்தது அந்தக் கல்யாணம் என்பது தனிக் கதை. வாப்பாவா பாவாவா என்று இரண்டு வீட்டாரும் பேசிப் பேசி முடிவுக்கு வராமல், கடைசியில் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

"டாடியா? ஐயையோ, உன்ன எங்கடா உக்கார வெப்பேன்?" என்று சஹன் மாமா நிஜமாகவே தலையில் கை வைத்துக்கொண்டார். முதலில் ஒரு சஹனில் உட்கார வைத்தார். அங்கிருந்து எழுப்பி இன்னொன்றில் வைத்தார். அங்கேயும் யாரோ தொண்டையைக் கனைத்திருக்க வேண்டும். "எழுந்துக்கினு வா. என் சஹன்ல துன்னுக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். அவர் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, டிரைவரும் சமையல்காரரும் உட்காருகிற கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். அன்றிலிருந்து எனக்கும் அங்கேதான் இடம். ஒதுக்கிவைத்துவிட்டார் என்று பிற்பாடு கோபம் வந்ததுண்டு. ஆனால் கறியில் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிடுகிற ஆளிடம் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

அவர் யாரையும் மூஞ்சியில் அடித்தாற்போல் எழுப்பியதில்லை. இன்னாரோடு இன்னார் உட்கார மாட்டார் என்று தெரிந்தால் அவர் வாயில் ஒரு நோய் தயாராக இருக்கும். "அண்ணாத்தைக்கு சுகரு. தனியா பாத்துக்கலாம், இப்படி வாங்க" என்பார். இல்லாவிட்டால், "பாவம், பல்லு புடுங்கிக்கீறாரு." நோய் சொல்லப்பட்டவரும் புரிந்துகொண்டு கன்னத்தைத் தடவிக்கொண்டே நகர்ந்துவிடுவார். ஊர் மானம் இப்படித்தான் காப்பாற்றப்பட்டு வந்தது.

ஓஸ்தாவுக்கு மட்டும் எப்போதும் முட்டிவலிதான். ஓஸ்தா எங்கள் ஜமாஅத்தின் முடிதிருத்துகிறவர். எங்கள் எல்லாருக்கும் சுன்னத் செய்தவரும் அவர்தான். அவருடைய தகப்பனாரும் அதே வேலை. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்கு முகச்சவரம் செய்துவிட்டு, பந்தி நேரத்தில் வாசலில் வந்து நிற்பார். சஹன் மாமா அவரைப் பார்த்ததும், "இன்னா ஓஸ்தா, முட்டிவலி எப்படி கீது? கீழ உக்கார முடியாது இல்ல, வூட்டுக்கே குடுத்தனுப்பறேன்" என்று தூக்குவாளி நிறையச் சோறும் கறியும் போடச் சொல்வார். குறைத்தெல்லாம் போட மாட்டார். ஓஸ்தா சிரித்துக்கொண்டே தூக்கை வாங்கி சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு மிதித்துப் போவார். ஓஸ்தாவின் முட்டிவலி ஊரில் எல்லாருக்கும் தெரியும். நானே ஒரு தடவை அவருக்குத் தைலம் வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

சஹன் மாமா தவறே செய்யாதவர் என்று இல்லை. ஒருமுறை வலீமா விருந்தில் சஹன் நடுவில் எறா தொக்கு வைத்தார்கள். எறா சாப்பிடலாமா என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. கடலில் வருவதெல்லாம் ஆகும் என்போம் கடற்கரைக்காரர்கள். உள்நாட்டில் சிலர், மீன் சரி, எறா மீனா என்று கேட்பார்கள். அன்றைக்கு ஆள் அவசரத்தில் மாமா மூணு செங்கல்பட்டுக்காரர்களோடு ஒரு கடற்கரைக்காரரை உட்கார வைத்துவிட்டார். தெரிந்ததும் வேர்த்துக்கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால், அந்த ஒருத்தர் நாலு பேர் எறாவையும் தின்றுகொண்டிருந்தார், மூணு பேர் அவர் பங்குக் கறியைத் தின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேருக்கும் ரொம்பச் சந்தோஷம். மாமா மட்டும் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வடக்கத்தி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கல்பாக்கம் பக்கம் கட்டட வேலை, மாமல்லபுரம் போகிற வழியெல்லாம் ரிசார்ட் வேலை. அஸ்ஸாம், வங்காளம், பீகார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பார்த்தால் பள்ளிவாசலின் பின்வரிசைகள் முழுக்க அவர்கள்தான். சிமென்ட் படிந்த காலை நன்றாகத் தேய்த்துக் கழுவி ஒலு செய்துவிட்டு வந்து நிற்பார்கள். இமாம் ஓதுவது எல்லாருக்கும் புரிந்தது, அல்லது எல்லாருக்கும் ஒரே அளவுக்குப் புரியவில்லை. சலாம் கொடுத்ததும் அவர்கள் ஒரு பக்கமாகப் போவார்கள், நாங்கள் ஒரு பக்கமாகப் போவோம். ரமலானில் நோன்புக் கஞ்சியை மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து குடிப்பார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

சஹன் மாமாவுக்கு இவர்கள் பெரிய பேஜார். "எந்த ஆளுங்கன்னே புரியலடா. எல்லாம் ஒரே மாறி கீறானுங்க" என்பார். எனக்கு அம்மா வழியில் உருது வரும் என்பதால் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுவார். அடுப்பு ரிப்பேருக்குக் கொண்டுவந்த ஒரு பையனிடம் நான் கேட்டுச் சொன்னேன்: "முஸ்லிம்னு சொல்றான் மாமா." மாமா எரிச்சலாகிவிட்டார். "அது தெரிஞ்சி நான் இன்னாடா பண்றது?"

மாமாவுக்கு ஒரே மகள். மனைவி காலமான பிறகு அவரே ஜடை பின்னி, டிபன் கட்டி, டிப்ளமோ வரை படிக்க வைத்த பெண். பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் மதியம், மாமா மிக்ஸி மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கும்போது வந்து, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் சொன்னாள். அஸ்ஸாம்காரப் பையன். ஏழு வருஷமாக இங்கே இருக்கிறான். கூட வந்த ஆட்கள் வேலை முடிந்து ஆந்திரா பக்கம் போய்விட்டார்கள், இவன் போகவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஏசி மெக்கானிக். நடுவில் தட்டிச் சுவர்தான். எனக்கு எல்லாம் கேட்டது.

மாமா கத்தவில்லை. "எந்த ஆளுங்க?" என்றார்.

"நம்ம ஆளுங்கதான் வாப்பா. முஸ்லிம்."

"அது தெரியுது. எந்த ஆளுங்க?"

"அவங்க ஊர்ல கேட்டா அவங்களும் இதையேதான் கேப்பாங்க, உங்க வாப்பா எந்த ஆளுங்கன்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்? மிக்ஸி ரிப்பேர்னு சொல்லட்டா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நீ வேணாம்னா வேணாம். ஓடிப்போவ மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்."

மாமா அந்த மோட்டாரை மூணு நாள் திரும்ப மாட்டவில்லை. நாலாவது நாள் பையனை வரச் சொன்னார். அவன் வந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. இன்னா, கூப்ட்டீங்களாமே?" என்று நின்றான். எங்கள் ஊர்ப் பேச்சு எங்களைவிட நன்றாக அவன் வாயில் இருந்தது. மாமா அவனை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அவனோ பதில் சொல்லிக்கொண்டே மூணு நாளாகக் கிடந்த மோட்டாரை மாட்டி, ஜாரை வைத்து ஓட்டிக் காட்டிவிட்டான். அவன் போன பிறகு மாமா அந்த மிக்ஸியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவர் ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும், இவர் எங்கள் ஆள், கல்யாணத்துக்குத் தடையில்லை என்று. கடிதம் வந்தது. என் கடையில்தான் நகல் எடுத்தார்கள். ஜமாஅத் கூட்டத்தில் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கினார். மேலே அரபியில் பிஸ்மில்லா எழுதியிருந்தது. அந்த வரியைச் சத்தமாக ஓதினார். எல்லாரும் தலையாட்டினோம். அதற்குக் கீழே அவர்கள் மொழி. கடிதம் கைக்குக் கை மாறியது. ஒவ்வொருத்தரும் முதல் வரியை மட்டும் மனசுக்குள் ஓதிவிட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்கள். கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத், "பொண்ணுக்குப் பொறுப்பாளி வாப்பாதான், அவர் சம்மதிக்கிறார். ரெண்டு சாட்சி இருக்கு. நிக்காஹ் செல்லும்" என்று முடித்துவைத்தார். தலைவரும், "நாங்க எங்க தடுத்தோம்? தாராளமா நடத்துங்க" என்றார்.

மாமாவுக்கு நிக்காஹ் பற்றிக் கவலை இருக்கவில்லை. அவருக்குக் கவலை மாப்பிள்ளை சஹன்.

மாப்பிள்ளையோடு அந்தச் சஹனில் அவன் வீட்டுப் பெரியவர்கள் மூணு பேர் உட்கார வேண்டும். மாப்பிள்ளைக்கு ஆளில்லை என்றால் ஜமாஅத் பெரியவர்கள் மூணு பேர் அந்த இடத்தில் உட்காருவார்கள். உட்கார்ந்துவிட்டால் அவன் எங்கள் ஆள். நாளைக்கு அவன் வீட்டில் நல்லது கெட்டது என்றால் ஊர் வந்து நிற்கும். உட்காராவிட்டால், பள்ளிவாசல் தஃப்தர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாலும் அவள் வெளியாளுக்குப் போன பெண்தான். முன்பு செய்யூரிலிருந்து தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன் மாப்பிள்ளையாக வந்தபோது அந்த மூணு இடத்துக்கு ஆறு பேர் போட்டி போட்டார்கள். இந்த அஸ்ஸாம் பையனுக்குத் தகப்பன் இல்லை. அம்மாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. அண்ணன் கிளம்புகிற வாரம் அங்கே வெள்ளம்.

மாமா வீடு வீடாகப் போனார். திரும்பிவந்து என் கடை வாசலில் உட்கார்ந்தார்.

"தலைவரு வூட்டுக்குப் போனேன். சுகராம். செயலாளரு பல்லு புடுங்கிக்கினாராம். பழைய தலைவருக்கு முட்டிவலியாம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்ற வரிசையிலயே சொல்றானுங்கடா."

நான் சிரிக்கவில்லை. என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். நான் பெரியவரும் இல்லை, முழுக்க எந்த ஆளும் இல்லை. ஆனாலும் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காமல் எழுந்து போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும் கல்யாண வயதில் பெண் இருந்தாள், நாளைக்கு இதே மனிதர்களிடம் போய் நிற்க வேண்டும். நிம்மதிப்பட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு ஊரே வந்தது. வராமல் இருக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. நிக்காஹ் முடிந்தது, கட்டிப்பிடித்து முபாரக் சொன்னோம், கற்கண்டு வாயில் போட்டுக்கொண்டோம். பெண்களுக்கு மாடியில் பந்தி, ஆண்களுக்குக் கீழே. சோறு வந்ததும் ஆளாளுக்குச் சஹனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு யாரையும் யாரும் பொருத்திவைக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருஷமாக அவர் பழக்கிவைத்த ஊர், தானாகவே சரியாக உட்கார்ந்தது.

நடுவில் பட்டுத்துணி விரித்த இடத்தில் மாப்பிள்ளை தனியாக, கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் சஹனில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

சஹன் மாமா வாசலில் நின்றார். பச்சைத் துண்டு தோளில் இருந்தது.

"மூணு ஆளு குறையுது" என்றார்.

அவர் வாயில் அந்த எண்ணை நான் கேட்டதே இல்லை. எப்போதும் ஒன்றுதான் குறையும். தலைவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். யாரோ தண்ணீர் கேட்டார்கள். நான் சஹனில் உட்காராமல் தூணோரம் நின்றிருந்தேன், வழக்கம்போல் கடைசிப் பந்திக்காக. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

பெண்ணைக் கொடுத்த தகப்பன் விருந்தாளிகள் சாப்பிட்டு முடிக்கிறவரை உட்கார மாட்டார், அதுதான் எங்கள் வழக்கம். மாமா துண்டை எடுத்து மடித்து ஜன்னலில் வைத்தார். கையைக் கழுவினார். போய் மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, இந்தத் தடவை சத்தமில்லாமல், "ரெண்டு ஆளு குறையுது" என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. போய் உட்கார்ந்தேன். மாமா என்னைப் பார்த்து, "டாடி புள்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

மூணு பேரும் காத்திருந்தோம். ஆவி நின்றுவிட்டது. நெய் ஓரத்தில் உறைய ஆரம்பித்தது. சுற்றிலும் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை என் காதருகே, "அண்ணா, ஒரு ஆளு இல்லாட்டி துன்னக் கூடாதா?" என்று கேட்டான். கூடாது என்றேன்.

வாசலில் ஓஸ்தா நின்றிருந்தார். காலையில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்துவிட்டுப் போனவர், வழக்கம்போல் தூக்குவாளியோடு வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. தூக்கைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். சஹன்களுக்கு நடுவில், யார் துணியையும் மிதிக்காமல், நடந்துவந்து மாமாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பாய், எனக்கு முட்டியில வலி ஒண்ணும் கெடையாது. எப்பவுமே இருந்ததில்ல. உக்காரட்டா?"

மண்டபத்தில் அத்தனை பேர் கையும் நின்றது. மாமா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சஹனைப் பார்த்தபடியே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஓஸ்தா சம்மணம் போட்டு ஒரே மூச்சில் உட்கார்ந்தார். அவர் வயதில் அப்படி உட்காரக்கூடியவர் அந்த மண்டபத்தில் வேறு யாரும் இல்லை.

நாலு பேரும் பிஸ்மில்லா சொன்னோம். மாமா கறியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து ஓஸ்தாவின் பக்கம் தள்ளினார். ஓஸ்தா அதைப் பிய்த்துப் பாதியை மாப்பிள்ளை பக்கம் வைத்தார். மாமா ஒரு பிடி சோறு எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையில் வைத்துக்கொண்டே, முதல் தடவையாக ஓஸ்தாவின் முகத்தைப் பார்த்து, "எத்தினி வருசம் ஓஸ்தா?" என்று கேட்டார்.

"சோறு ஆறிப்போச்சு பாய்" என்றார் ஓஸ்தா. "துன்னுங்க."